வண்டிக்குள் ஒரு தனிக்குடித்தனம்!

ராத்திரி பதினோரு மணிக்கு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நடுரோட்டில் லோடு வண்டியைத் தள்ளிய அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள்!

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் டிபன் வண்டி போட்டிருக்கிறோம். சின்ன லோடு வண்டியின் பின்பக்கத்தில் தகரம் அடித்து, அடுப்பு மேடை கட்டியிருக்கிறோம். இட்லி, கல்தோசை, தக்காளிச் சட்னி. மாலை 6 மணிக்குக் கடை விரித்தால், மூட்டை கட்ட 11 மணி ஆகிவிடும். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள்தான் முக்கால்வாசி வாடிக்கையாளர்கள். ‘காரமே இல்லாம ரெண்டு இட்லி கட்டுங்கக்கா’ என்று கேட்கும் குரலிலேயே, உள்ளே படுத்திருப்பவர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

கடை நடக்கும் ஐந்து மணி நேரமும் இன்ஜின் ஓடாது. ஆனால் விளக்கு எரிய வேண்டும், புகையை இழுக்கும் ஃபேன் சுற்ற வேண்டும், பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி பேச வேண்டும், போனுக்கு சார்ஜ் ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் வண்டியில் இருப்பது ஒரே ஒரு பேட்டரி. கடையைக் கட்டிவிட்டு அவர் சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், செல்ஃப் எடுக்காது. அப்புறமென்ன... இட்லி வாங்க வந்தவர்களையே கூப்பிட்டு, ‘அண்ணே, ஒரு கை கொடுங்க’ என்று தள்ள வேண்டியதுதான்.

‘இன்னொரு பேட்டரி போட்டுட்டா இந்தத் தொல்லையே இருக்காது’ என்றார் அவர். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

இங்கேதான் நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஒயர் வேலைக்கு வந்த பையன் முதலில் சரியாகத்தான் சொன்னான். ‘அக்கா, நடுவுல ஒரு ரிலே, நல்ல காப்பர் கேபிள், ஃப்யூஸ் எல்லாம் போட்டா 1,800 ரூபா கூட ஆகும். வேணாம்னா ரெண்டு பேட்டரியையும் நேரா ஒயர்ல இழுத்து விட்டுடறேன். அதுவும் வேலை செய்யும்.’

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கணக்கு வழக்கு பார்ப்பது நான்தானே. ‘12 வோல்ட்தானே தம்பி, ஷாக்கா அடிக்கப் போவுது? நேராவே குடுத்துடு’ என்றேன். 1,800 ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் அவனுக்கு இரண்டு தோசை இலவசமாக வேறு போட்டுக் கொடுத்தேன்.

ஒரு மாதம் எல்லாம் நன்றாகவே போனது. தள்ளுகிற வேலை இல்லை. ‘பாத்தீங்களா’ என்று அவரிடம் பெருமை பேசிக்கொண்டேன்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. என் மாமியாருக்குக் காய்ச்சல் என்பதால், ஆறு வயது சின்னவளையும் வண்டிக்குக் கூட்டி வந்திருந்தோம். ஒன்பது மணிக்கெல்லாம் அடுப்பு மேடைக்குக் கீழே இருந்த பலகையில் சாக்கை விரித்துத் தூங்கிவிட்டாள். அவளுக்கு ஒரு பக்கம் கேஸ் சிலிண்டர். பலகைக்கு அடியில் புது பேட்டரி.

கடையைக் கட்டும் நேரம். அவர் போய் சாவியைத் திருகினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. அதே நேரம் ரப்பர் கருகுகிற நாற்றம். தோசைக்கல்லில் ஏதாவது விழுந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். கல் ஆறிக் கிடந்தது. பலகை இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது.

பிள்ளையை எப்படித் தூக்கினேன், எப்படி ரோட்டில் இறங்கினேன் என்பது எனக்கு இன்னும் முழுசாக ஞாபகம் இல்லை. அவர் சாவியை அணைத்தார். புகை நிற்கவில்லை. முன்னால் இருந்த பேட்டரியின் ஒயரைக் கழற்றி எறிந்தார். புகை கொஞ்சம் குறைந்தது, ஆனாலும் நிற்கவில்லை! பக்கத்து ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்த ஆட்டோக்கார அண்ணன் ஒருவர் சிலிண்டரை மூடிக் கழற்றி, தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார். அவர் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, பின்னால் இருந்த பேட்டரியின் டெர்மினலையும் பிடுங்கிய பிறகுதான் எல்லாம் அடங்கியது.

ஐந்து நிமிஷம்கூட இருக்காது. அவர் உள்ளங்கையில் ஒரு கொப்புளம், பலகையில் கரி, ஒரு கருகிய ஒயர். இழப்பு அவ்வளவுதான். ஆனால் அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. பேரம் பேசியது நான்தானே.

மறுநாள் அவருடைய சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அரசு பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். வண்டியைச் சுற்றி வந்தார், தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார், எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ‘அம்மாடி, ஒரு டம்ளர் காபி கொடு. என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்’ என்றார்.

‘வண்டியில பேட்டரியோட மைனஸ் பாடியிலதான் மாட்டியிருக்கும். அதனால வண்டியோட மொத்த இரும்பும் எர்த். பிளஸ் ஒயர் எங்கயாவது தோல் உரிஞ்சு இரும்புல பட்டுச்சுன்னா, அது ஷார்ட். உங்க ஒயரைத் தகரத்துல ஓட்டை போட்டு அப்படியே இழுத்திருக்காங்க. ஓட்டையில ரப்பர் வளையம் இல்ல. ஒரு மாசம் வண்டி ஆடுன ஆட்டத்துல தகர விளிம்பு ஒயரை அறுத்துடுச்சு.’

‘12 வோல்ட்தானே ஐயா...’ என்று இழுத்தேன்.

‘எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனா எரிக்கும். ஷார்ட் ஆனா ஒரு பேட்டரி நூத்துக்கணக்குல ஆம்பியரைக் கொட்டும். 300 ஆம்பியர்னே வெச்சுக்க. 12ஆல பெருக்கு. 3,600 வாட்! உன் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு எவ்வளவு?’

‘2,000 வாட்.’

‘அப்ப பாத்துக்க. பிள்ளை தூங்குன பலகைக்கு அடியில ரெண்டு அடுப்பை மூட்டி விட்ட மாதிரி.’

எனக்குக் காபி டம்ளர் கையில் நடுங்கியது.

ஒரு பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஏன் புகை நிற்கவில்லை என்று அவர் கேட்டார். அதற்கும் ஐயா பொறுமையாகப் பதில் சொன்னார். ‘ஒத்தை பேட்டரின்னா கரன்ட் ஒரு பக்கத்துலேருந்துதான் வரும். ரெண்டு பேட்டரியை ஒரு ஒயர் சேர்த்துதுன்னா, ரெண்டு முனையிலேருந்தும் வரும். நீ ஒரு வாசலைச் சாத்துனே, இன்னொரு வாசல் திறந்தே கிடந்துச்சு. அதனாலதான் ஃப்யூஸ் ரெண்டு வேணும். ஒவ்வொரு பேட்டரியோட பிளஸ் டெர்மினலிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள்ள ஒண்ணு. நடுவுல ஒண்ணே ஒண்ணு போட்டா, அதுக்கு முன்னாடி இருக்குற ஒயருக்கு யாரு காவல்?’

ஃப்யூஸ் என்பது விளக்கையும் ஃபேனையும் காப்பாற்றுவதற்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது முதலில் ஒயரைக் காப்பாற்றத்தான் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஒயர் எவ்வளவு ஆம்பியர் தாங்குமோ, அதைவிடக் குறைவான ஃப்யூஸ் போட வேண்டும். ஒயர் சூடாவதற்கு முன்னால் ஃப்யூஸ் தன் உயிரை விட வேண்டும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃப்யூஸாகப் போடுவது, காவல்காரன் குரைக்கிறான் என்று அவன் வாயைக் கட்டுவது மாதிரி என்றார் ஐயா.

ஃப்யூஸ் விஷயம் முடிந்தது. அடுத்து ரிலே. இதற்கு அவர் சொன்ன உதாரணத்தை இன்று வரை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

‘ரெண்டு பேட்டரியையும் எப்பவும் சேர்த்தே வெச்சிருந்தா, அது கூட்டுக் குடும்பம். ஃபேனும் விளக்கும் ரெண்டு பேட்டரியையும் சேர்த்துக் குடிச்சு முடிச்சுடும். கடைசியில ரெண்டும் காலி, மறுபடி தள்ளு வண்டிதான். அதுவும் இல்லாம, நீ செல்ஃப் அடிக்கிறப்ப ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல கேட்கும். அந்த இழுப்புல ஒரு பங்கு இந்த ஒல்லி ஒயர் வழியா வரும். நேத்து செல்ஃப் அடிச்சப்பதான் அது தாங்காம சூடாகி, பாதி அறுந்த தோல் உருகிப் போச்சு. வண்டி ஓடறப்ப கூட்டுக் குடும்பம், வண்டி நின்னா தனிக்குடித்தனம். அப்படி இருக்கணும் அம்மாடி!’

அந்தத் தனிக்குடித்தனத்தை ஏற்பாடு செய்வதுதான் ரிலேயின் வேலை. ஐயா எங்களுக்குப் போட்டது வோல்ட்டேஜைப் பார்த்து வேலை செய்யும் ரிலே. நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6, 12.7 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடி, டைனமோ சார்ஜ் போட ஆரம்பித்தால் அது 13.8, 14 என்று ஏறும். வோல்ட்டேஜ் 13.3 பக்கம் போனதும் ரிலே இரண்டு பேட்டரியையும் சேர்த்துவிடும். இன்ஜினை நிறுத்திய பின் 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். கடை நேரத்தில் நான் எவ்வளவு விளக்குப் போட்டாலும் கடை பேட்டரிதான் இறங்கும். வண்டி பேட்டரியை யாரும் தொட முடியாது. மறுபடி செல்ஃப் அடிக்கும்போதும் இரண்டும் பிரிந்தே இருக்கும்.

‘ஆனா ஒண்ணு. இந்த ரிலே எல்லா வண்டிக்கும் ஒத்து வராது’ என்றும் எச்சரித்தார். புதிதாக வரும் சில வண்டிகளில் டைனமோவின் வோல்ட்டேஜை கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும். அதில் ரிலே குழம்பிப் போகும். இரண்டாவது பேட்டரி லித்தியம் என்றாலும் இப்படி நேராகச் சேர்க்கக் கூடாது. அந்த மாதிரி இடங்களில் டி.சி. டு டி.சி. சார்ஜர் என்ற கருவியை நடுவில் போட வேண்டுமாம். எங்களுடையது பழைய வண்டி, இரண்டும் ஆசிட் பேட்டரி என்பதால் ரிலே போதுமானதாக இருந்தது.

அப்புறம் என்னை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னார். நாலு விளக்கு, ஒவ்வொன்றும் 9 வாட், ஆக 36. ஃபேன் 25. ஸ்பீக்கர் பெட்டிக்கும் போனுக்கும் ஒரு 11. மொத்தம் 72 வாட். 12ஆல் வகுத்தால் 6 ஆம்பியர். ஐந்து மணி நேரத்துக்கு 30 ஆம்பியர் அவர். சாதாரண ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். வண்டியில் இருந்ததோ 50 ஆம்பியர் அவர் பேட்டரி. பாதி என்றால் 25தான். தினமும் நாங்கள் அதைப் பாதிக்கும் கீழே உறிஞ்சியிருக்கிறோம். நல்லவேளையாக, புதிதாக வாங்கியது 75 ஆம்பியர் அவர். அது போதும் என்றார்.

‘தினம் எவ்வளவு தூரம் வண்டி ஓடுது?’

‘வீட்லேருந்து ஆறு கிலோமீட்டர் ஐயா. போக வர பன்னெண்டு.’

சிரித்தார். ‘கால் மணி நேர ஓட்டத்துல 30 ஆம்பியர் அவர் திரும்ப ஏறுமா? பேட்டரிக்கு சார்ஜ் ஏற மணிக்கணக்கு ஆகும். வீட்டுக்கு வந்ததும் கரன்ட்ல ஒரு சார்ஜர் போட்டு வெச்சிடு. டைனமோவை மட்டும் நம்பாதே.’ இரண்டாவது பேட்டரி வாங்குகிற எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள் என்று தெரியவில்லை. நாங்கள் போடவில்லை.

ஐயா ரொம்ப நேரம் பேசியது பேட்டரி வைத்த இடத்தைப் பற்றித்தான். ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அது லேசானது, மேலே போய்க் கூரையில் தங்கும். சமையல் கேஸ் கசிந்தாலோ அது கனமானது, கீழே தரையில் படியும். ரிலே உள்ளே ‘டிக்’ என்று சேரும்போது சின்னதாகப் பொறி வரும். ‘மேல ஒரு வாயு, கீழ ஒரு வாயு, நடுவுல பொறி, பக்கத்துல பிள்ளை’ என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

அந்த வாரம் கடைக்கு லீவு விட்டோம். பேட்டரியை அடுப்பறையிலிருந்து எடுத்து, வண்டியின் வெளிப்பக்கம் அடிச்சட்டத்தில் காற்று போகிற இரும்புப் பெட்டி செய்து, ஆடாமல் பட்டை போட்டு முடுக்கினார். ரிலேயும் சிலிண்டர் இருக்கும் பக்கம் இல்லாமல் முன்னால் போனது. 16 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிள், அதற்கு மேல் நெளிநெளியான பிளாஸ்டிக் குழாய், தகரத்தைத் தாண்டும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம், இரண்டு முனையிலும் 60 ஆம்பியர் ஃப்யூஸ். மைனஸ் கேபிளும் அதே தடிமன். அதை மாட்டுகிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்தார். விளக்குக்கும் ஃபேனுக்கும் தனித்தனிச் சின்ன ஃப்யூஸ். பிளஸ் டெர்மினலுக்கு ரப்பர் தொப்பி.

நான் பக்கத்திலேயே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். ‘நானும் கத்துக்கறேன் ஐயா’ என்றதும் மேலும் கீழும் பார்த்தார். ‘முதல்ல வளையலைக் கழற்று. தாலிச் செயினை ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்க. பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல உலோகம் எது மாட்டினாலும் பழுக்கக் காய்ஞ்சுடும். கையோட ஒட்டிக்கும்’ என்றார். தம்பி, நீயும்தான் என்று அவருடைய மோதிரத்தையும் கழற்ற வைத்தார்.

கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியாக மைனஸ். இதை எங்கள் இருவரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். மைனஸ் கழன்றிருந்தால், பிளஸ்ஸில் வேலை செய்யும்போது ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மைனஸ் மாட்டியிருந்தால் அந்த ஸ்பேனரே ஷார்ட். எவ்வளவு சின்ன விஷயம்! ஆனால் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மொத்தம் 4,600 ரூபாய் ஆனது. ஐயா கூலி வாங்க மறுத்துவிட்டார். ‘வாரம் ஒருநாள் கல்தோசை கொடு, போதும்’ என்றார். போகும்போது ஒரு டிரை பவுடர் தீயணைப்பானும் வாங்கி மாட்டச் சொன்னார். மாட்டிவிட்டோம்.

எங்கள் கதையைப் படித்துவிட்டு நீங்களே ஸ்பேனரைத் தூக்கிவிடாதீர்கள். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஆனால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஃப்யூஸ் உண்டா? ஒயர் எத்தனை ஆம்பியர் தாங்கும்? இன்ஜின் நின்றால் இரண்டு பேட்டரியும் பிரியுமா? என் வண்டியின் டைனமோவுக்கு இந்த ரிலே ஒத்து வருமா? பேட்டரிக்குக் காற்று போகிறதா? அப்புறம், வாரன்ட்டியில் இருக்கிற வண்டி என்றால் கை வைப்பதற்கு முன் கம்பெனியிடமும், இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் பால் பாக்கெட்டுக்கு முன்னால் நான் பார்ப்பது வோல்ட் மீட்டரைத்தான். 12.7 என்றால் நிம்மதி. ராத்திரி கடை கட்டும்போது 12.3. வண்டி ஒரே திருகலில் ஸ்டார்ட் ஆகிறது. சின்னவளை வண்டிக்குக் கூட்டி வருவதில்லை. பாட்டியோடு தூங்கிவிடுகிறாள்.

அந்தக் கருகிய ஒயரில் ஒரு சாண் துண்டை வெட்டி, கல்லாப் பெட்டியில் வைத்திருக்கிறேன். போன வாரம் ஜூஸ் வண்டி போடப் போகிற ஒரு பையன் வந்து, ‘அக்கா, ரெண்டாவது பேட்டரிக்கு இவ்வளவு செலவா? 12 வோல்ட்தானே’ என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. தோசைத் தட்டோடு அந்த ஒயர்த் துண்டையும் எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.